உன் அத்தையைக் கேட்ட நாள்

அன்புள்ள மகன் குமாருக்கு,

போன புதன்கிழமை காலையில் திருப்பதி முதியோர் ஹோமில் உன் அத்தையின் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், உன் நைனா, மேனேஜர் பிரசாத், ஆயம்மா லட்சுமி, கட்டிலின்மேல் உன் அத்தை சரோஜா. அறையில் இருக்கும் மற்றப் பெண்களைக் காற்றாட வராண்டாவுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். டாக்டர் இல்லை. குவைத்தில் இருக்கும் அத்தை மகன் வெங்கடேசு போனில்கூட இல்லை. உன் பெரியம்மா நிச்சயமாக இல்லை. இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு நடந்ததை உன் பெரியம்மா பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி புத்தூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்கும் போன் போட்டிருப்பாள். அவள் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி. போனில் சொல்லலாம் என்றால், நடுவில் அங்கே யாராவது பெல் அடிப்பார்கள், நீ "அப்பறம் பேசறேம்மா" என்று ஓடுவாய். பாதியில் விடக்கூடிய சங்கதி இல்லை இது. எனக்கோ அன்றிலிருந்து சந்தோஷத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். உன் நைனா ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டுப் போனார். அவருக்கும் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ள மாட்டார்.

உன்னை அங்கே முதியோர் இல்லத்தில் ஷிப்டுக்கு இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள் என்று நீ சொன்ன அன்றே எழுத வேண்டும் என்று நினைத்தேன். பெருமாளுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு உட்கார்ந்தேன், என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நல்ல புத்தியாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு என்பதையே எத்தனை தடவை எழுதுவது. இப்போது எழுத விஷயம் இருக்கிறது. அன்று போனில் நாம் பேசினது உனக்கு ஞாபகம் இருக்கும். நாள் பூராவும் உட்காரவைத்துக் கிளாஸ் எடுக்கிறார்கள் என்றாய். கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம், சட்டை மாட்டுவதற்கு முன்னால் மாட்டட்டுமா என்று கேட்க வேண்டுமாம், பேச்சில்லாதவர்களுக்குப் படம் போட்ட அட்டையைக் காட்டிக் கேட்க வேண்டுமாம், ஒரு பெரியவரை யாராவது முரட்டுத்தனமாகத் தொட்டதைப் பார்த்தால், தொட்டவர் நம் சிநேகிதராக இருந்தாலும், அன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நீ சொல்லச் சொல்ல நான் சிரித்தேன். பெற்ற தாய்க்குத் தலைவாரப் பர்மிஷன் வாங்குகிற ஊரா அது என்று கேட்டேன். "ஆமாம்மா, இங்க யாரும் யாரையும் நம்பறதில்ல" என்று நீயும் சிரித்தாய். குமார், நாம் இரண்டு பேரும் தெரியாமல் சிரித்துவிட்டோம். எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

அத்தைக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை, வலது கால் விழுந்துபோன பிறகு நீ அவரைப் பார்க்கவில்லை. சத்தியவேட்டில் மருமகள் கூடத்தான் இருந்தார். அந்தப் பெண் ஸ்ரீ சிட்டி கம்பெனியில் வேலை, விடிவதற்குள் பஸ் வந்துவிடும், ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் ராத்திரி ஷிப்டு. தூக்கி உட்காரவைக்க ஆள் இல்லை. நான் புத்தூருக்குக் கூட்டி வருகிறேன் என்றேன், "ஒன் இடுப்பு கீற லட்சணத்துல ஒனக்கே ஆள் வேணும்" என்றார் உன் நைனா. வெங்கடேசுதான் விசாரித்துத் திருப்பதியில் இந்த ஹோமில் சேர்த்தான். இடம் சுத்தம். பிஸியோதெரபி செய்ய ஒரு பெண் வருகிறாள். நல்ல மனிதர்கள். இதை நான் நடுநடுவே திரும்பத் திரும்பச் சொல்லுவேன், அலுத்துக்கொள்ளாதே. அத்தைக்குப் பேச்சு போய்விட்டது. அத்தனை வாய் பேசின மனுஷி, மாந்தோப்பில் குத்தகைக்காரனை நிற்கவைத்து அவன் பரம்பரையையே இழுத்துப் பேசினவர், ஒரே ஒரு வார்த்தையோடு நின்றுபோனார். அந்த வார்த்தை கோவிந்தா. தண்ணீர் கேட்டாலும் கோவிந்தா, வலித்தாலும் கோவிந்தா. ஸ்ட்ரோக் வந்தவர்களில் சிலருக்கு இப்படி ஏதாவது ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொள்ளும், அது அவர்கள் சொல்ல நினைக்கிற வார்த்தையாக இருக்காது என்று பிஸியோ பெண் முதலிலேயே எங்களிடம் சொன்னாள். காதில் வாங்கவில்லை. எல்லாப் பேச்சையும் எடுத்துக்கொண்டு தன் பெயரை மட்டும் நாக்கில் விட்டு வைத்திருக்கிறான் ஏழுமலையான் என்று எனக்குப் புல்லரித்தது. சனிக்கிழமை விரதம் இருக்கிற எனக்குக் கிடைக்காதது, வெற்றிலையும் வம்புமாக இருந்த அண்ணிக்குக் கிடைத்ததே என்று கொஞ்சம் பொறாமைகூட. ஹோமிலும் அப்படித்தான். அத்தை கோவிந்தா என்றால் ஆயம்மாக்கள் செய்கிற வேலையை நிறுத்தி, கண்ணை மூடி, கைகூப்பி, திருப்பிக் கோவிந்தா சொல்லுவார்கள். நானும் அதையேதான் செய்தேன்.

மாசி முடிகிற சமயம் ஹோமில் பேன் பரவியது. அத்தையின் முடி உனக்குத் தெரியுமே, நரைத்தும் இடுப்பைத் தாண்டித் தொங்கும். அந்தப் பக்கத்து அறைகளுக்கெல்லாம் இரண்டே ஆயம்மாக்கள். மருந்து போட்டு, சிக்கெடுத்து, வாரி முடிக்க அவர்களால் முடியவில்லை. மொட்டை போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கேட்காமல் செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கட்டிலண்டை நின்று, "அம்மா, மொட்டெ போடலாமா? சாமிக்குக் குடுக்கலாமா?" என்று லட்சுமி கேட்டிருக்கிறாள். அத்தை என்ன சொல்லுவார்? கோவிந்தா. திருப்பதியில் மொட்டைக்கு உட்கார்ந்த ஒருவர் கோவிந்தா என்றால் அதற்கு மேல் என்ன பதில் வேண்டும். முடி எடுக்கிறவர் வந்தார், எடுத்தார். லட்சுமி அந்த முடியை மஞ்சள் துணியில் முடிந்து, லீவு நாளில் படியேறி மலைக்கு நடந்தே போய்ச் சேர்த்துவிட்டு வந்தாள். மொட்டை போட்ட மறுநாளே எங்களுக்குப் போன் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்லில் சந்தனம் அரைத்து, டப்பாவில் எடுத்துக்கொண்டு, அடுத்த ரயிலைப் பிடித்துப் போய், அத்தை தலையில் என் கையாலேயே பூசினேன். அத்தை கோவிந்தா கோவிந்தா என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, பெருமாள் கூப்பிட்டுவிட்டார் என்று எல்லோருக்கும் அனுப்பினேன். உனக்கும் வந்தது. நீ கைகூப்புகிற பொம்மை ஒன்று அனுப்பினாய்.

அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தலையைத் துண்டால் மூடியிருப்பார். நான் கொண்டுபோன தயிர்சாதத்தைத் தொடவில்லை. எனக்கு மட்டும்தான் அந்த மரியாதை, மற்றவர்கள் கொடுத்தால் சாப்பிட்டார். "அண்ணி, மொட்டையில எவ்ளோ லட்சணமா கீறீங்க" என்றேன். கோவிந்தா என்றார். நானும் கண்ணை மூடிக் கோவிந்தா என்றேன். பங்குனியில் ஒருநாள் குனிந்து அவர் கால் விரலுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் பின்னல் முன்னால் வந்து விழுந்தது. இடது கையால் அதைப் பிடித்தார் பார், பிடித்து ஒரு இழு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இழுத்த பின்னலை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து காட்டினார். அதை விட்டுவிட்டுத் தன் மொட்டைத் தலையைத் தொட்டார். என்னை முறைத்துக்கொண்டு கோவிந்தா என்றார். சாமி பெயரை அப்படி ஒரு கோபத்தோடு ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. நகவெட்டி கீழே விழுந்தது.

அப்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. உனக்கு முதல் மொட்டை போட மலைக்குப் போனோம். உனக்கு நினைவிருக்காது, கைக்குழந்தை. நீ, உன் நைனா, உன் பெரியப்பா எல்லோரும் மொட்டை. நானும் கொடுத்தேன். அத்தையை மட்டும் யாராலும் உட்காரவைக்க முடியவில்லை. பெண்கள் கொடுப்பார்களே, மூன்று கத்திரி, நுனியில் மூன்று தடவை நறுக்கிக் கொடுப்பது, அதை மட்டும் கொடுத்தார். கொடுத்துவிட்டு மலையைப் பார்த்துச் சத்தமாக, "உனக்கு மூணு கத்திரி போதும் சாமி, மீதி எனக்கு வேணும், நான் தெனம் வாரணும்" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பல வருஷம் நம் வீட்டில் அது ஒரு தமாஷ், யாராவது தட்டில் கூடுதலாகச் சோறு வைத்தால் "மூணு கத்திரி போதும்" என்போம். அத்தைக்கும் பெருமாளுக்கும் நடுவில் அப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தது, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒப்பந்தம். அதை மறந்துவிட்டுத்தான் சந்தனத்தோடு போய் நின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை இறக்கவில்லை. "இன்னாம்மே, நல்லதுக்குத்தான செஞ்சாங்க. பேனு புடுங்கினு கீறதுக்கு மொட்டெ மேலு. முடி வளந்துடும்" என்றார். உனக்கு எட்டு வயதில் கை முறிந்தபோது கட்டுப் போடுகிற இடத்தில் "அதோ பாரு காக்கா" என்று உன்னை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவைத்து, நீ பார்க்கும்போது கையை இழுத்து எலும்பைச் சேர்த்தார்களே, காக்கா காட்டினவர் உன் நைனாதான். அவருக்கு அது இன்றைக்கும் பெருமை. ஆனால் கட்டுப் பிரித்த பிறகும் நீ அவரோடு பேசாமல் இருந்ததும், அவர் எந்தப் பக்கம் கைகாட்டினாலும் திரும்ப மாட்டேன் என்று நின்றதும் உனக்கே ஞாபகம் இருக்கும். அதைச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு, "சரி, புதன்கெழமை போயி அந்த மேனேஜர கேட்டுப் பாக்கலாம்" என்றார். அந்த நாள் வரைக்கும் நான் பூஜையில் உட்கார்ந்து பெருமாளிடமே வாதாடினேன். குழந்தைக்கு நாம்தானே வேண்டிக்கொண்டு மொட்டை போடுகிறோம், குழந்தையைக் கேட்கிறோமா? இல்லை. அப்படியானால் அத்தைக்குச் செய்ததில் என்ன தப்பு? இரண்டு நாள் அந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றேன். பிறகு பட்டது: அத்தை குழந்தை இல்லை. வயசானவங்க குழந்தை மாதிரி என்று பாசத்தில் சொல்லுகிறோம், சொல்லிச் சொல்லி அவர்கள் தங்களுக்கென்று ஒரு முடிவு வைத்து அறுபது எழுபது வருஷம் வாழ்ந்ததை அழித்துவிடுகிறோம்.

பிரசாத் கெட்டவர் இல்லை. முப்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் நாமம், காலில் செருப்பில்லாமல்தான் வார்டுக்குள் வருவார். நான் கேட்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அடிகினாமம்மா" என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார். "கேட்டுட்டுத்தான் செஞ்சோம். அந்தம்மா சாமி பேரு சொல்லி ஒத்துக்கினாங்க. லட்சுமி சாட்சி." லட்சுமி தலையை ஆட்டினாள். நான் அந்த ஒற்றை வார்த்தையைப் பற்றிச் சொன்னேன், பிஸியோ பெண் சொன்னதைச் சொன்னேன், என் பின்னலைப் பற்றிச் சொன்னேன். "நீங்களே சந்தனம் பூசினீங்களேம்மா" என்றார். பூசினேன்தான் என்றேன். அந்த நேரத்தில் உன் நைனா கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். அவருடைய வழக்கமான கிண்டல் குரலில், அக்காவைப் பார்த்து, "அக்கா, சத்தியவேடு ரோட்ல ஒம் பங்கு மாந்தோப்பு கீதே, அத எம் பேருக்கு எழுதிக் குட்த்துட்றியா?" என்றார்.

அத்தை உடனே கோவிந்தா என்றார்.

உன் நைனா மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா சார், ஒத்துக்கினாங்க. சாமி பேர்ல. நீங்க சாட்சி. ரிஜிஸ்டர் ஆபீஸ் எப்ப போலாம்?" என்றார். பிரசாத்துக்கு அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். லட்சுமி சிரித்தாள். நானும் சிரித்தேன். குமார், இங்கேதான் கவனி. எப்போதும் அந்த வார்த்தை காதில் விழுந்தால் எங்கள் கண் தானாக மூடிக்கொள்ளும். அன்றைக்குச் சிரித்துக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் கண் திறந்திருந்தது. திறந்த கண்ணால் பார்த்தோம், அத்தை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வேகமாக ஆட்டிக்கொண்டிருந்தார். இடது கையால் மெத்தையைத் தட்டினார். தம்பியை அடிக்கக் கை ஓங்கினார். வேண்டாம், தர மாட்டேன், போடா என்று அந்த உடம்பு முழுக்கச் சொல்லியது. வாய் மட்டும்தான் கோவிந்தா. இத்தனை மாசமும் இப்படித்தான் தலையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்ட எங்களுக்கு அது எப்படித் தெரியும்? மொட்டைக்குக் கேட்ட அன்றைக்கு நீ கண்ணைத் திறந்து வைத்திருந்தாயா என்று லட்சுமியைக் கேட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. இல்லை என்றாள்.

நான் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். நம்பி விட்டோமே, இப்படியா என்றெல்லாம். பிரசாத்துக்கும் ரோஷம் வந்தது. "ரெண்டே ஆயம்மாவ வச்சிக்கினு நான் இன்னாம்மா பண்றது? நம்பிக்கெ இல்லன்னா கூட்டிக்கினு போங்க" என்றார். போகிறோம் என்றேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பையை இழுத்துத் திறந்து, அலமாரியில் இருந்த அத்தையின் புடவைகளை அள்ளி அதில் திணிக்க ஆரம்பித்தேன். புத்தூருக்குக் கூட்டிப் போவது, என் கட்டிலைக் கொடுத்துவிட்டு நான் பாயில் படுப்பது, என் இடுப்பு போனால் போகட்டும் என்று மனதுக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் அத்தை கோவிந்தா கோவிந்தா என்று கூவினார். ஊருக்குப் போகிற சந்தோஷம் என்று நினைத்தேன். நினைத்து, பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்து, அடுத்த புடவைக்குத் திரும்பிக்கொண்டே, நானும் ஒரு கோவிந்தா போட்டேன். அடுத்த நொடி இடது காலால் விட்டார் ஒரு உதை. பை பறந்துபோய் லட்சுமி காலடியில் விழுந்தது. திரும்பிப் பார்க்கிறேன், கட்டில் கம்பியை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். "வேணாங்கறாங்கம்மா" என்றாள் லட்சுமி. மேனேஜர் செய்த தப்பு ஆறுவதற்குள் அதே தப்பை நானும் செய்தேன், அதுவும் பாசத்தில், அழுகையோடு. உன் அத்தை பையை உதைத்திருக்காவிட்டால் அன்று சாயங்கால ரயிலில் அவரைத் தூக்கி ஏற்றியிருப்பேன்.

அப்போது எனக்கு நீ சொன்ன அட்டை நினைவுக்கு வந்தது. நாம் சிரித்தோமே, அதே அட்டை. படத்துக்கு எங்கே போவது, இருந்த சாமானையே எடுத்தேன். துணிப்பையைக் கட்டிலின் ஒரு பக்கம் வைத்தேன். அத்தை நடை பழகுகிற வாக்கரை மறுபக்கம் நிறுத்தினேன். "அண்ணி, எங்க கூட புத்தூருக்கு வரீங்களா, இல்ல இங்கியே இருந்து நடக்கப் பழகறீங்களா? அவசரமில்ல, யோசிச்சிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடினேன். பிரசாத் ஏதோ சொல்ல வந்தார், உன் நைனா கையமர்த்தினார். அத்தை எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிஜமாகத்தான் கேட்கிறார்களா என்று பார்க்கிற பார்வை அது. கை மெதுவாக நீண்டது. வாக்கரின் கம்பியைப் பிடித்து, கிட்டே இழுத்து, அதன்மேல் உள்ளங்கையால் தட்டினார். சாமான்களை இடம் மாற்றி வைத்து, கேள்வியையும் திருப்பிப் போட்டுக் கேட்டேன். மறுபடியும் வாக்கர். உன் நைனா எழுந்து ஜன்னலண்டை போய் நின்றுகொண்டார். என்ன பார்க்கிறீர்கள் என்றேன், காக்கா என்றார்.

ஆக அத்தை அங்கேதான் இருக்கிறார். நடக்க வேண்டுமாம், நம் வீட்டில் படுத்துக்கிடக்க மாட்டாராம். அது அவருடைய முடிவு, நாம் யாரும் எடுத்துக் கொடுத்தது இல்லை. எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு என்ன இருக்கிறது? போய்விட்டது என்று நினைத்த மனுஷி முழுசாக உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்! இப்போது கேட்கத் தெரிந்துகொண்டோம் இல்லையா, எதைக் கேட்டாலும் வேண்டாம் என்கிறார். இட்லி வேண்டாம், போர்வை வேண்டாம், நான் கொண்டுபோகிற துளசித் தீர்த்தம் வேண்டாம். ஆசை தீர வேண்டாம் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். வெற்றிலையைக் காட்டினால் மட்டும் தலை மேலும் கீழும் ஆடுகிறது.

லட்சுமிதான் வராண்டாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் நடந்தே போயிக் குட்த்துட்டு வந்தேன்மா. பாவமாயிடுமா?" என்றாள். நீ நடந்த நடை உன் கணக்கில் இருக்கும், பெருமாளுக்கு அது தெரியும், ஆனால் அந்த முடி அண்ணியுடையது, அதற்கு அண்ணியிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். அவள் உள்ளே போய் அத்தையின் கட்டிலண்டை நின்று கேட்டாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். அத்தை முதலில் அவளை ஒரு அடி அடித்தார், அப்புறம் கையை விடவில்லை. என்னை இன்னும் மன்னிக்கவில்லை. தயிர்சாதம் வாங்கிக்கொள்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது உனக்குச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன் கூட வேலை செய்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டு, எனக்கு வெட்கம் இல்லை. அந்த ஊரில் யாரும் யாரையும் நம்பாததால்தான் கதவைத் தட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்தோமே, அது அப்படி இல்லை. இங்கே எல்லோரும் நம்பினோம், எல்லோருக்கும் பக்தி இருந்தது, பாசம் இருந்தது. அதனாலேயே ஒருவருக்கும் நின்று பார்க்கத் தோன்றவில்லை. நாளைக்கு உன் கீழே வேலை செய்கிற ஒரு பெண் வந்து, அண்ணா, இன்னார் அந்தப் பெரியவரிடம் இப்படி நடந்துகொண்டார் என்றால், "அவரு நல்லவராச்சே" என்று நீ வாயைத் திறக்காதே. நல்லவராகவே இருப்பார். நீ நேரே போய் அந்தப் பெரியவரைப் பார். சொன்ன பெண்ணை யாரும் காட்டிக்கொடுத்தவள் என்று ஏசாதபடி பார்த்துக்கொள், உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரைப் பற்றியே சொன்னாலும் சரி. இன்னொன்று. நம் வீட்டுக் கணக்கை நான் எழுதுகிறேன், கூட்டிப் பார்ப்பது உன் நைனா. எழுதின கையே சரிபார்த்தால் தப்பு கண்ணில் படாது. பிரசாத்திடமும் அதையே சொன்னேன்: தலை வாருகிறவர்களே மொட்டை போடலாமா என்று கேட்கக் கூடாது. சரி என்ற பதிலில் அவர்களுக்கு ஒரு வேலை குறைகிறது, அவர்கள் காது அந்தப் பதிலைத்தான் கேட்கும். அந்த வேலையால் லாபம் இல்லாத ஒருவர் கேட்கட்டும். ஒரு நாள் கேட்டு, இன்னொரு நாள் மாற்றிக் கேட்கட்டும். பிரசாத் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். மூன்றாவதாக ஒரு ஆயம்மாவுக்கும் எழுதிப் போட்டிருக்கிறார். கோபம் போன பிறகு வாசல் வரை வந்து எங்களை வழியனுப்பினார்.

இதற்கு மேல்தான் பெரிய செய்தி. ஹோமில் இருப்பவர்களின் வீட்டாரிலிருந்து சிலரைச் சேர்த்து மாசம் ஒரு முறை கூடிப் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள், அதில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். பஞ்சாங்கத்திலும் கோயில் நோட்டீஸிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவளை! உன் நைனா என்னை மெம்பரம்மா என்று கூப்பிடுகிறார். நல்ல புடவை எது என்று இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். முதல் கூட்டத்துக்கு முன்னால் பிரசாத் என்னை ஆண்கள் பக்கம் கூட்டிப் போய் ஒருவரைக் காட்டினார். ராமகுப்பத்துக்காரர், பட்டுப்பூச்சி வளர்த்தவராம், பெயர் முனுசாமி. அவருக்குக் கோவிந்தாகூட இல்லை. கையும் அசையாது, காலும் அசையாது, தலை ஆடாது. கண் மட்டும் திறந்து மூடுகிறது. கொண்டுவந்து விட்டுப்போன பிள்ளைகள் போனை எடுப்பதில்லை. அவருக்கு நீளமான வெள்ளைத் தாடி. அதில் சாப்பாடு ஒட்டிப் புண்ணாகிறது, எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுப்பதுதான் நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்தத் தாடியை அவர் எதற்காக வைத்தார், யாருக்காக வைத்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வார்த்தையும் இல்லாமல், கையும் இல்லாமல், சொந்தமும் இல்லாமல் இருப்பவரிடம் அங்கே நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்? அந்தக் கிளாஸில் சொல்லிக் கொடுத்திருப்பார்களே. தெரியாவிட்டால் உன் மேலே இருப்பவரைக் கேட்டு எழுது. முதல் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. அதுவரை தாடியில் கை வைக்க வேண்டாம், தினம் துடைத்து மட்டும் விடுங்கள் என்று சொல்லி வந்திருக்கிறேன். இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், வியாழக்கிழமைக்குள் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா